பத்து ஊர் சேர்ந்து ஒரு மாநகராட்சி
தாம்பரத்து மக்கள் என்ன கேட்கிறார்கள்?

சென்னைக் கடற்கரையில் மின்சார ரெயில் ஏறித் தெற்கே போனால் பல்லாவரம் வரும். அப்புறம் குரோம்பேட்டை. அதன் பிறகு சானடோரியம். அதற்கு அடுத்தது தாம்பரம். அதையும் தாண்டினால் பெருங்களத்தூர்.

ரெயிலில் போகிறவருக்கு இவை ஐந்து ஸ்டேஷன்கள். அங்கே குடியிருக்கிறவருக்கு எல்லாம் ஒரே ஊர். 2021-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இருந்து இந்த ஊர்கள் எல்லாம் "தாம்பரம் மாநகராட்சி" என்ற ஒரே பெயரில் அடங்கி விட்டன.

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்தும் முன்பு நகராட்சிகள். சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய ஐந்தும் பேரூராட்சிகள். ஐந்தும் ஐந்தும் பத்து. பத்தையும் சேர்த்து ஒன்றாக்கினார்கள். பெயர் தாம்பரத்துக்குப் போயிற்று. ஆனால் 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி தாம்பரத்தை விடப் பெரிய ஊர் பல்லாவரம்தான்! "எங்கள் ஊர் பெயரை வைத்திருக்கலாமே" என்று பல்லாவரத்துக்காரர்கள் நினைத்தால் அதைத் தப்பு என்று சொல்ல முடியாது.

பெயர் கிடக்கட்டும். ஊர் பெரிதானதால் வீட்டுக்கு என்ன வந்தது? இதுதான் குழாயடியிலும், ரேஷன் கடை வாசலிலும் பேசப்படும் பேச்சு.

கவுன்சிலர் இல்லாத காலம்

மாநகராட்சி பிறந்தபோது ஒரு விசித்திரமான நிலைமை இருந்தது. ஊருக்கு ஆபீஸ் இருந்தது. அதிகாரிகள் இருந்தார்கள். வரி வசூல் நடந்தது. ஆனால் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கவுன்சிலர் ஒருவர்கூட இல்லை!

காரணம் என்ன? தமிழ்நாட்டு நகரங்களில் உள்ளாட்சித் தேர்தல் 2011-ம் ஆண்டு நடந்தது. கவுன்சிலர்களின் பதவிக் காலம் ஐந்து ஆண்டு. அது 2016 அக்டோபரில் முடிந்தது. உடனே அடுத்த தேர்தல் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. கோர்ட்டு வழக்கு, வார்டுப் பிரிவினை என்று நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. 2022-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதிதான் ஓட்டுப்பதிவு நடந்தது. இடையில் ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அதிகாரிகளே ஊரை நடத்தினார்கள்.

தெரு விளக்கு எரியாவிட்டால் அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். ஆனால், "அடுத்த முறை உங்களுக்கு ஓட்டு இல்லை" என்று அதிகாரியிடம் சொல்ல முடியுமா? கவுன்சிலரிடம் சொல்லலாம். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

2022-ல் தாம்பரத்துக்கு 70 வார்டுகள் பிரிக்கப்பட்டன. 2011 கணக்குப்படியே இந்தப் பத்து ஊரின் ஜனத்தொகை 7 லட்சத்துக்கு மேல். 70-ஆல் வகுத்தால் ஒரு வார்டுக்குப் பத்தாயிரம் பேர். அதற்குப் பிறகு எழும்பிய அடுக்குமாடி வீடுகளையும் கூட்டிக்கொண்டால், இன்றைய கணக்கு இன்னும் அதிகமாக இருக்கும். பழைய பேரூராட்சியில் ஒரு கவுன்சிலருக்குச் சுமார் இரண்டாயிரம் பேர்தான் இருந்தார்கள். தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் அவருக்கு முகம் தெரியும். "சிட்லபாக்கத்தில் நடந்து போய்த் தலைவரைப் பார்த்துவிட்டு வருவோம். இப்போது பஸ் ஏறித் தாம்பரம் போக வேண்டியிருக்கிறது" என்கிற குறை இதனால் வந்ததுதான். ஊர் பெரிதானால் கவுன்சிலர் தூரமாகிறார். பெரிய ஊருக்குப் பெரிய திட்டங்கள் வரும் என்பது உண்மை. இந்தக் குறையும் உண்மை.

முதல் மேயர் பதவி தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்ணுக்கு என்று ஒதுக்கப்பட்டது. 2022 மார்ச் மாதத்தில் வசந்தகுமாரி கமலக்கண்ணன் மேயர் ஆனார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துதான். மேயரை ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுப்பது இல்லை. ஜனங்கள் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கமிஷனரோ சர்க்கார் அனுப்பும் அதிகாரி. தீர்மானம் போடுவது மன்றம். அதை நிறைவேற்றுவது கமிஷனர். இரண்டு மாடும் ஒரே பக்கம் இழுத்தால் வண்டி ஓடும்.

வரி கூடிய கதை

வீட்டில் அம்மாக்கள் முதலில் கேட்பது வரியைப் பற்றித்தான்.

2022-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் தமிழ்நாடு முழுவதும் சொத்து வரி உயர்த்தப்பட்டது. சென்னைக்கு ஒரு கணக்கு. தாம்பரம் போன்ற மற்ற மாநகராட்சிகளுக்கு வேறு கணக்கு. அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது கஷ்டம் இல்லை.

குடியிருக்கும் வீடு 600 சதுர அடிக்குள் இருந்தால் 25 சதவீதம் கூடும். 601 முதல் 1,200 சதுர அடி வரை 50 சதவீதம். 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம். அதற்கும் மேலே போனால் 100 சதவீதம். அதாவது இரண்டு பங்கு.

ஒரு வீடு 800 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். முன்பு அரை ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் வரி. உயர்ந்த பிறகு 1,500 ரூபாய். அதே ஆயிரம் ரூபாய் வரி கட்டிய 500 சதுர அடி வீடாக இருந்தால் 1,250 ரூபாய். சின்ன வீட்டுக்குச் சின்ன உயர்வு என்பது இதில் உள்ள நியாயம். வாடகைக்குக் குடியிருப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம். வரி வீட்டுக்காரருக்கு. ஆனால் அவர் அதை வாடகையில் ஏற்றாமல் இருப்பாரா?

வருஷத்துக்கு இரண்டு தடவை வரி கட்ட வேண்டும். ஏப்ரலில் ஒரு பாதி தொடங்கும். அக்டோபரில் மறு பாதி தொடங்கும். தொடங்கிய 30 நாளுக்குள் கட்டிவிட்டால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. 1,500 ரூபாய் கட்டுகிறவருக்கு 75 ரூபாய் மிச்சம். பலர் இதைத் தெரியாமலே விட்டுவிடுகிறார்கள்.

ரசீது வேறு, பட்டா வேறு

வரி ரசீதை வைத்துக்கொண்டு, "இந்த மனை எனக்குச் சொந்தம்" என்று நினைக்கிறவர்கள் ஏராளம். இது பெரிய ஆபத்து.

அனகாபுத்தூரில் அடையாற்றின் கரை ஓரமாகப் பல குடும்பங்கள் வெகு காலமாக வசித்து வந்தன. 2025-ம் ஆண்டு மே மாதத்தில், ஆற்று ஆக்கிரமிப்பு என்று சொல்லி அங்கே வீடுகள் இடிக்கப்பட்டன. "வரி கட்டினோமே, மின்சார இணைப்புக் கொடுத்தார்களே" என்று அந்த ஜனங்கள் கேட்டார்கள். மாற்று வீடு கொடுத்தார்கள். ஆனால் அது தொலைவில். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும், அம்மாமார்களின் வீட்டு வேலையும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன.

சட்டம் சொல்வது இதுதான்: வரி என்பது கட்டடத்துக்கு. நிலம் யாருடையது என்று வரி ரசீது சொல்லாது. அதைச் சொல்வது பத்திரமும் பட்டாவும். பட்டா கொடுப்பது மாநகராட்சி அல்ல, வருவாய்த்துறை. அதற்குத் தாலுகா ஆபீஸ் போக வேண்டும். ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் மனை மலிவாகக் கிடைக்கிறது என்றால், வாங்குவதற்கு முன்னால் தாலுகா ஆபீசில் கேட்டுவிடுவது நல்லது. ஆனால் ஒன்று. இருபது வருஷம் வரி வாங்கும்போது சர்க்காரின் எந்தப் பிரிவும் "இது ஆறு" என்று சொல்லவில்லையே! அந்த ஜனங்களின் கேள்விக்கு இன்னும் சரியான பதில் வரவில்லை.

தண்ணீர்: வந்தாலும் தொல்லை, வராவிட்டாலும் தொல்லை

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதியை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறக்க மாட்டார்கள். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரை புரண்டது. மேற்குத் தாம்பரம், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்தில் தெருவில் படகு ஓடியது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மாநகராட்சி அமைந்தபோது முடிச்சூரை அதில் சேர்க்கவில்லை. அது கிராம ஊராட்சியாகவே வெளியே நின்றது. வெள்ளத்துக்கு இந்த எல்லை தெரியுமா? மேட்டில் உள்ள தெருவுக்கு மாநகராட்சி கால்வாய் வெட்டினால், தண்ணீர் பள்ளத்தில் உள்ள ஊராட்சித் தெருவுக்குப் போகிறது. அங்கே கால்வாய் வெட்ட ஊராட்சியிடம் பணம் இல்லை. "அப்படியானால் எங்களையும் சேர்த்துக் கொள்ளுங்கள்" என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். "சேர்ந்தால் வரி ஏறும், கிராம வேலைத் திட்டத்தின் கூலி போய்விடும்" என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே தெருவில் இருப்பதும் உண்டு!

கிழக்குப் பக்கம் இன்னொரு கதை. சிட்லபாக்கம் ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் செம்பாக்கம் ஏரிக்குப் போக வேண்டும். அங்கிருந்து நன்மங்கலம் ஏரி, கீழ்க்கட்டளை ஏரி, நாராயணபுரம் ஏரி, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். பெரியவர்கள் போட்டு வைத்த சங்கிலி இது. ஒரு கண்ணியில் வீடு கட்டினால் அடுத்த கண்ணிக்குத் தண்ணீர் போகாது, தெருவில் நிற்கும்.

அத்துடன் சாக்கடைத் தொல்லை வேறு. எல்லாப் பகுதிக்கும் பாதாளச் சாக்கடை வரவில்லை. வீட்டுக் கழிவுநீரைச் சிலர் இரவோடு இரவாக மழைநீர்க் கால்வாயில் விடுகிறார்கள். அது நேரே ஏரிக்குப் போகிறது. சிட்லபாக்கத்திலும் செம்பாக்கத்திலும் குடியிருப்போர் சங்கத்தார் பல ஆண்டுகள் மனு எழுதினார்கள். வாரக் கடைசியில் தாங்களே இறங்கி ஏரியில் குப்பை அள்ளினார்கள். பிறகுதான் சர்க்கார் பணம் ஒதுக்கி ஏரியைச் சீர்ப்படுத்தத் தொடங்கியது. ஏரி மாநகராட்சியைச் சேர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. சிட்லபாக்கம் ஏரி நீர்வளத்துறையின் பொறுப்பு. ஏரியில் விழும் சாக்கடை மாநகராட்சியின் பொறுப்பு!

குழாய்த் தண்ணீரில் பயம்

2024-ம் ஆண்டு டிசம்பர் மாதம் பல்லாவரம் பக்கத்தில் பலருக்குத் திடீரென்று வாந்தியும் பேதியும் கண்டது. குரோம்பேட்டை அரசு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். உயிர்ச் சேதமும் ஏற்பட்டது. "குடிநீரில் சாக்கடை கலந்துவிட்டது" என்று ஜனங்கள் குற்றம் சாட்டினார்கள். "தண்ணீர் காரணம் அல்ல" என்று அமைச்சர் மறுத்தார். தண்ணீர் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

நோய் கண்ட வீடுகளில் சில மாநகராட்சியைச் சேர்ந்தவை. சில, ராணுவக் கன்டோன்மென்ட் போர்டைச் சேர்ந்தவை. எந்தக் குழாய் யாருடையது என்று ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கிற தாய்க்கு இரண்டும் ஒரே குழாய்தான்.

மஞ்சளாகவோ நாற்றத்துடனோ தண்ணீர் வந்தால் ஒரு பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி வைத்துக்கொண்டு, உடனே வார்டு ஆபீசில் புகார் எழுதிக் கொடுத்து நம்பர் வாங்க வேண்டும். வாயால் சொன்ன புகாருக்குக் கணக்கு இல்லை. புகார் தீரும் வரை தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். மழைக்காலத்தில் எப்போதுமே காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

யாரிடம் போவது?

குப்பை, தெரு விளக்கு, குடிநீர்க் குழாய், உள் தெரு ரோடு, கொசு, பிறப்பு இறப்புப் பதிவு — இவை மாநகராட்சியின் வேலை. குழந்தை பிறந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும்; பணம் கிடையாது. ஆஸ்பத்திரியில் பிறந்தால் ஆஸ்பத்திரியே தகவல் கொடுத்துவிடும். ஆனாலும் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. மின்சாரக் கம்பி அறுந்தால் மின்வாரியம். ஜி.எஸ்.டி. ரோட்டில் பள்ளம் என்றால் அது நெடுஞ்சாலைக்காரர்கள் வேலை. மேயரைத் திட்டிப் பயன் இல்லை.

சபையில் பேசலாம்

கிராமத்தில் கிராம சபை உண்டு. நகரத்தில் அப்படி ஒன்றும் இல்லாமல் இருந்தது. 2022-ம் ஆண்டு தமிழ்நாட்டில் அதற்கும் விதி வந்தது. ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்துப் "பகுதி சபை" கூட்ட வேண்டும். அந்தப் பகுதியில் ஓட்டு உள்ள ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும். கவுன்சிலர் தலைமையில் வார்டு கமிட்டியும் உண்டு.

முதல் சபைகள் 2022 நவம்பர் 1-ந் தேதி கூடின. அன்று முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலினே ஒரு சபைக்கு வந்தார். எங்கே தெரியுமா? இதே தாம்பரம் மாநகராட்சியின் ஆறாவது வார்டில், பம்மலில்! ஜனங்கள் எழுந்து நின்று தங்கள் குறைகளைச் சொன்னார்கள்.

முதலமைச்சர் வந்தால் கூட்டம் கூடும். அவர் வராத நாளில்? வேலை நாளில் பகலில் சபை கூட்டினால் கூலிக்குப் போகிறவர் எப்படி வருவார்? கூட்டம் நடப்பதை முதல் நாள் மாலையில் சுவரில் ஒட்டினால் யார் படிப்பார்கள்? சபை என்று நடக்கிறது என்பதைக் கவுன்சிலரிடம் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டியிருக்கிறது. போகிறவர்கள் சும்மா இருந்துவிட்டு வராமல், தெருவின் பெயர், கம்பத்தின் நம்பர், புகார் கொடுத்த தேதி மூன்றையும் சீட்டில் எழுதிக்கொண்டு போனால், அது கூட்டக் குறிப்பில் ஏறும். ஏறிய குறையை அடுத்த கூட்டத்தில் "என்ன ஆயிற்று?" என்று கேட்கலாம்.

2022 மார்ச்சில் பதவி ஏற்ற கவுன்சிலர்களின் காலம் ஐந்து ஆண்டு. அந்தக் கணக்கு 2027 மார்ச்சில் முடிகிறது. சென்ற முறை காலம் முடிந்த பிறகு, கேட்பதற்குக் கவுன்சிலர் வர ஐந்து வருஷம் நான்கு மாதம் ஆயிற்று.