மால்டாவில் ஒரு பகற்பொழுது

உல்லாசக் கப்பல் துறைமுகத்தில் தரித்து நிற்பது சில மணி நேரமே. அதற்குள் ஒரு தீவைச் சுற்றிப் பார்த்தல் இயலுமா? மத்தியதரைக் கடலிலுள்ள மால்டாவில் இயலும். அதன் நீளம் ஏறக்குறைய 27 கிலோமீற்றரே.

கப்பல்துறையிலிருந்து சற்று நடந்தால், 2012இல் திறக்கப்பெற்ற 58 மீற்றர் உயர மின்தூக்கி, வலெற்றா நகரின் மேட்டில் நம்மைச் சேர்க்கும். நகர வாயிலுக்கு வெளியே பஸ் நிலையம். அங்கிருந்து ஏறக்குறைய அரைமணி நேரப் பயணத்தில் பழைய தலைநகரான இம்டீனாவின் மதில்களைக் காணலாம்.

ஆயினும் நேயர்களே, ஒன்றை மறவாதீர்கள். நிரம்பிய பஸ் தரிப்பிடத்தில் நில்லாது போவதுண்டு. கப்பலார் ஒழுங்குசெய்த சுற்றுலாவினர் பிந்தினால் கப்பல் காத்திருக்கும்; தாமாகச் சென்றோருக்குக் காத்திராது. ஆதலால், போதுமெனத் தோன்றும் பஸ்ஸுக்கு இரண்டு பஸ் முந்தி ஏறித் திரும்புவதே அறிவுடைமை.