எழுதுமுன் ஆடட்டும்

பாலர் வகுப்பில் பிள்ளையைச் சேர்த்து மூன்று திங்கள் நிறைவதற்குள், "ஐயா, பிள்ளை இன்னும் ஒரு பக்கம்கூட எழுதவில்லையே!" என்னும் கேள்வி நம் அலுவலக வாயிலை எட்டிவிடுகிறது. நிபோங் திபால் பட்டணத்துத் தனியார் பாலர் பள்ளிக்குச் செல்லும் அண்டை வீட்டுப் பிள்ளை நோட்டுப் புத்தகம் நிறைய எழுதுகிறதாம். தோட்டப் பள்ளிப் பிள்ளையோ மணலில் விளையாடிவிட்டு வீடு திரும்புகிறதாம். இந்த ஒப்பீட்டின் பயனாக நம்மை விட்டுப் பிரியும் பிள்ளைகளும் உண்டு. மாணவர் தொகை சிறுத்த பள்ளிக்கு ஒரு பிள்ளையின் விலகலும் பேரிழப்பே. எனினும், எழுத்து வேலையைக் கூட்டிப் பிள்ளைகளைத் தக்கவைத்துக்கொள்ள நாம் உடன்படவில்லை. அதன் காரணத்தைப் பெற்றோர் அறிதல் வேண்டும்.

மனிதனின் மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உள்ளன. குழந்தை பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பின்னர் ஒவ்வொன்றாய் இறுகுகின்றன. ஆறு வயதிலும் அப்பணி முற்றுப் பெறுவதில்லை. மேலும், கையின் ஆற்றல் தோளில் தொடங்கி, முழங்கை வழியாக, இறுதியில்தான் விரல் நுனியை அடைகிறது. கயிற்றைப் பற்றித் தொங்காத, களிமண் பிசையாத, அவரை விதை பொறுக்காத கையில் எழுதுகோலைத் திணித்தால், பிள்ளை அதை முட்டியால் இறுகப் பிடித்துத் தாளைக் கிழிக்கும். கை நோகும், கை நோகப் படிப்பும் கசக்கும். சீருடை மண்ணாகிறதென வருந்தும் தாய்மார்க்கு நாம் கூறுவது இதுவே: அந்த மண்ணில்தான் பிள்ளையின் கையெழுத்து உருவாகிக் கொண்டிருக்கிறது.

இவ்வட்டாரத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டுமென 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கூறிற்று. பள்ளி வயதை எட்டாத சிறாருக்கு இருந்தது ஆயாக்கொட்டகை மட்டுமே. விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்ற தாய்மார் அங்கேதான் பிள்ளைகளை விட்டுச் சென்றனர். அக்கொட்டகையின் குறைகளை மறைத்துப் புகழ்பாட நாம் விரும்பவில்லை. வறுமையும் நோயும் அங்கு இருந்தன. ஆயினும் சிறிதும் பெரிதுமாய்ப் பிள்ளைகள் கூடி ஆடினர். மூத்தது இளையதைத் தூக்கிற்று, சண்டையிட்டது, சமாதானமும் ஆயிற்று. எவரும் கற்பிக்காமலே அங்கு ஒரு கல்வி நடந்தது. இன்று லயங்களை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில், பிள்ளைக்குத் தோழன் கைத்தொலைபேசியே. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டு வந்தது பெரும்பேறு. ஆனால், ஆயாக்கொட்டகையில் இயல்பாய்க் கிடைத்த கூட்டு விளையாட்டை நாம் பாலர் வகுப்பில் திட்டமிட்டே தர வேண்டியவர்களாய் இருக்கிறோம்.

பல்லாங்குழியை எடுத்துக் கொள்வோம். பதினான்கு குழி, குழிக்கு ஐந்தாக இட்டால் எழுபது விதை. எண்ணி எடுத்து, ஒவ்வொன்றாய் இட்டுச் செல்லும் பிள்ளை கூட்டலையும் கழித்தலையும் விரலால் அறிகிறது. எதிரில் இருப்பவன் ஆடி முடிக்கும்வரை பொறுத்திருக்கிறது. இதுவே கடினமான பாடம்! தோற்றபின் பலகையைக் கவிழ்க்காமல் எழுந்து வருவது அதனினும் கடினம். மலாய் அண்டை வீட்டாரின் சொங்காக் ஆட்டமும் இதற்கு உடன்பிறப்பே. ஆதலால் பொது மைதானத்தில் நம் பிள்ளைக்குத் தோழர் கிடைப்பர். வாய்பாட்டைப் பத்து முறை எழுதிய நோட்டு இவற்றில் எதைத் தரும்?

முதல் மூன்றாண்டு வகுப்புகளின் தேர்வுகள் 2019-இலும், யு.பி.எஸ்.ஆர். 2021-இலும் நீக்கப்பட்டன. தேர்வு போயிற்று, தேர்வச்சம் போகவில்லை. அளக்கப் புள்ளி இல்லாத பெற்றோர் நோட்டுப் பக்கங்களை எண்ணத் தொடங்கியுள்ளனர். முதலாம் ஆண்டில் பிள்ளை பின்தங்கி விடுமோ என்னும் அவர்தம் அச்சத்தை நாம் எள்ளவில்லை. எழுத்தை நாமும் கற்பிக்கிறோம். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றிய மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவச் செய்தபின்னரே எழுதக் கொடுத்தார். நாம் மணல் தட்டில் செய்வதும் அதுவே. அகரம் விரலுக்குப் பழகிய பிள்ளை, கை முதிர்ந்ததும் தாளில் விரைந்து எழுதும்.

உடலுழைப்பைப் பற்றியும் ஒரு சொல். மூன்று, நான்கு வயதினர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் ஓடியாட வேண்டும், திரைமுன் அமர்வது ஒரு மணி நேரத்தைத் தாண்டலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியது. ஐந்து வயதுக்கு மேற்பட்டோர்க்கும் நாள்தோறும் ஒரு மணி நேர ஓட்டமேனும் தேவை. வீட்டில் இவ்வளவு கிடைக்கிறதா என்பதைப் பெற்றோரே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

புத்தாண்டுத் தவணைக்குமுன் நமக்குச் சில பொருள்கள் வேண்டும்: புளியங்கொட்டை, ரப்பர் விதை, பழைய கைலித் துணி, தடித்த கயிறு. தச்சு வேலை அறிந்த தந்தையர் இரண்டு பல்லாங்குழிப் பலகைகள் செய்து தந்தால் நன்றியுடன் ஏற்போம். கதை சொல்லத் தெரிந்த பாட்டிமார் வாரத்தில் ஒரு காலை வகுப்பிற்கு வரலாம். நாற்காலியும் தேநீரும் பள்ளியின் பொறுப்பு.