பூங்காவில் இலை பறித்தல் குற்றமா?

1986ஆம் ஆண்டு மார்ச் 29ஆந் திகதி நியூயோர்க் நகரின் மத்திய பூங்காவில் ஸ்டீவ் பிரில் என்பவர் கைதுசெய்யப்பட்டார். டண்டிலயன் இலையைப் பறித்து உண்டமையே அவர் செய்த குற்றம். உண்ணத்தகு காட்டுச் செடிகளை இனங்காட்டும் உலாக்களை அவர் அங்கு நடத்திவந்தார். ஆர்வலர் போல் நடித்து அவ்வுலாவிற் கலந்துகொண்ட பூங்காக் காவலர், அவரைக் கையும் கீரையுமாகப் பிடித்தனர். வேலியில் முசுட்டையும் முல்லையும் பறித்து உண்டு வளர்ந்த யாழ்ப்பாணத்தாருக்கு இது விந்தையாகவே தோன்றும். ஊர் நகைத்தது, வழக்குக் கைவிடப்பட்டது. அதன்பின் நிகழ்ந்ததே கவனிக்கத்தக்கது. அதே ஆண்டில் அதே பூங்காத் திணைக்களம் அவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, அதே உலாக்களை நடத்துவித்தது. பொதுச்சொத்துக்குச் சேதம் எனப்பட்ட செயல் அரச முத்திரை பெற்றதும் கல்வியாயிற்று. ஆயினும் பறித்தலைத் தடைசெய்யும் விதி இன்றும் நீடிக்கின்றது.

எல்லோரும் பறித்தால் எஞ்சுவது யாது என இவ்விதியின் காவலர் வினவுவர். இவ்வினா முற்றிலும் பொய்யன்று. வட அமெரிக்கக் காடுகளில் மெல்ல வளரும் காட்டு லீக்ஸ், கிழங்கோடு அகழப்படுவதால் அருகி வருகின்றது. ஆனால், விதியோ கிழங்கை அகழ்வோனையும் களையின் இலையைக் கிள்ளுவோனையும் வேறுபடுத்துவதில்லை. டண்டிலயன், புற்றரையில் நாசினி தெளித்து அழிக்கப்படும் களை. ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய, உள்ளி மணங்கொண்ட கடுகினச் செடியொன்றை அழிப்பதற்கு அந்நாட்டிலே தொண்டர்கள் திரட்டப்படுகின்றனர். அதுவும் உண்ணத்தக்க கீரையே. பிடுங்கி வீசினால் இயற்கைப் பாதுகாப்பு, சமைத்தால் களவு! இஃது எவ்வகை நியாயம்?

காளான் விடயத்தில் அச்சம் மிகுதி. அதற்குக் காரணமும் உண்டு. அமனிற்றா பலோயிடெஸ் என்னும் காளானை உண்டவருக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ ஏதும் தோன்றாதிருக்கும். அதற்குள் நஞ்சு ஈரலைத் தாக்கத் தொடங்கிவிடும். இதனைத் தடுப்பது இனங்காணும் அறிவேயன்றித் தடைப்பலகை அன்று. காளானினம் அழிந்துவிடும் என்னும் வாதமோ வலுவற்றது. சுவிற்சர்லாந்தில் 1975 முதல் 2003 வரை நிகழ்ந்த ஆய்வில், பறித்தலால் பின்வந்த ஆண்டுகளின் விளைச்சல் குறையவில்லை. மிதிபட்ட நிலத்திலேயே காளான்கள் குறைவாக முளைத்தன. எனினும், நடப்போரை எப்பூங்காவும் கைதுசெய்ததாகத் தெரியவில்லை.

இப்பூங்காவின் தோற்றத்தையும் இங்கு நினைவுகூர்தல் வேண்டும். பெரும்பாலும் கறுப்பின மக்கள் காணி வாங்கி, வீடு கட்டி, தோட்டமிட்டு வாழ்ந்த செனக்கா கிராமம் 1857இல் இதற்காகவே அகற்றப்பட்டது. உண்பதற்கு விளைவித்த மண், உலாவிக் கண்டு களிப்பதற்குரிய காட்சியாக்கப்பட்டது. இலையைத் தொடாதே என்னும் விதி அக்காட்சியின் காவலாகவே நிற்கின்றது.

களைகளின் இலையையும் காயையும் பறிக்க இசைவளித்து, கிழங்ககழ்தலை மட்டும் தடுத்து, நாசினி தெளித்த இடங்களைப் பலகையிட்டு அறிவிக்கும் விதியை ஆக்குவது எந்நகரசபைக்கும் அரிதன்று. பிரிலைப் பணிக்கமர்த்திய திணைக்களம் அதனை அன்றே செய்திருக்கலாம்.