அழித்த குறியும் அழியாத குற்றமும்

இலக்கணம் கற்பித்து வாழும் ஒருவன் மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுந்தால் அன்பர்கள் சிலர் நகைத்தல் கூடும். எனக்கு வண்டி ஓட்டவும் தெரியாது. அதன் உள்ளுறுப்புக்களின் பெயரும் அண்மைக் காலம் வரை தெரியாது. ஆயினும், சென்ற ஆண்டு பாடசாலை விடுமுறையில் என் தமக்கையார் வீட்டில் தங்கியிருந்தபோது கண்ட நிகழ்ச்சி ஒன்று, என் ஆசிரியத் தொழிலைப் பற்றியே என்னைச் சிந்திக்க வைத்தது. அதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

தமக்கையார் தம் மகனுடன் அமெரிக்காவில், கலிபோர்ணியா மாநிலத்து லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வாழ்கின்றார். மருகனுடைய வண்டி 2012 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் பதிவைப் புதுப்பிப்பதற்குப் புகைப் பரிசோதனையில் தேறிய சான்று வேண்டியிருந்தது. பரிசோதனையில் வண்டி தவறிவிட்டது. அவன் வேலைக்குச் செல்வதும், தாயாரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதும் அவ்வண்டியிலேதான். பதிவு முடிவதற்கு இரண்டு கிழமையே இருந்தது.

“மாமா, கார் நல்லாத்தான் ஓடுது. புகை எண்டு ஒண்டுமே இல்லை. குழாயிலை கருவி வைச்சுப் பார்க்கவுமில்லை. பிறகு என்னத்தைக் கண்டு பெயில் எண்டு எழுதினவை?” என்று அவன் வெகுண்டான். அச்சினம் நேர்மையானது என்றே எனக்கும் முதலிற் பட்டது. பின்னர்க் கேட்டும் படித்தும் அறிந்தவை என் கருத்தை மாற்றின.

கண்ணுக்குப் புகை தெரியாமையால் தீங்கு இல்லையென்று கொள்ளுதல் பிழை. 1943 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அந்நகரைப் பட்டப்பகலில் புகைமூட்டம் கவிந்து மக்களின் கண்களை எரியச் செய்தது. அதன் காரணத்தை ஆராய்ந்த ஹாகன் சிமித் என்னும் இரசாயன அறிஞர், வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் வெளிவிடும் வாயுக்கள் வெயிலின் தாக்கத்தால் ஓசோனாக மாறுதலை 1950களின் தொடக்கத்தில் எடுத்துக் காட்டினார். ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுக்களும் குழாயினின்று கரும்புகையாக வருவன அல்ல. ஆகவே, “புகை இல்லை” என்பது அங்கே தக்க விடையன்று.

1996 ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்கப்படும் புதிய கார்கள் யாவும், தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளும் கணினியை உடையன. எரிதலிலோ, வாயுவைத் தூய்மைப்படுத்தும் உறுப்புக்களிலோ குறை காணின், கணினி அதனை ஒரு குறியாகப் பதிந்து வைத்து, ஓட்டுநர் முன்னே ஒரு விளக்கையும் ஏற்றும். 2000 ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னரும் வெளிவந்த பெற்றோல் கார்களுக்கு, 2015 முதல் கலிபோர்ணியாவில் குழாய் வாயிலில் அளப்பதை விடுத்து, இக்கணினியையே வினவுகின்றனர்.

மருகனுடைய வண்டி பதிந்திருந்த குறி ‘பி 0420’ என்பது. இதிலும் ஓர் இலக்கணம் இருத்தல் கண்டு மகிழ்ந்தேன். முதலெழுத்து, குறை இயந்திரப் பகுதியைச் சார்ந்தது என்கிறது; அடுத்த சுழியம், இது எல்லா நிறுவனத்தார்க்கும் பொதுவான குறி என்கிறது; நான்கு, கழிவு வாயுவைக் கட்டுப்படுத்தும் உறுப்பினத்தைச் சுட்டுகின்றது; எஞ்சிய இரண்டு இலக்கங்களும் குறையின் இயல்பைத் தெரிவிக்கின்றன. பகுதியும் விகுதியும் போலப் பிரித்துப் பொருள் கொள்ளலாம். ஊக்கி மாற்றி என்னும் உறுப்பின் திறன் வரம்பிற்குக் கீழே இறங்கிவிட்டது என்பதே இதன் பொருள்.

மேலும் வினவியபோது மருகன் உண்மையைக் கூறினான். விளக்கு மூன்று மாதமாக எரிந்துகொண்டிருந்தது. பரிசோதனைக்கு முதல் நாள் நண்பன் ஒருவன் சிறு கருவியொன்றை மாட்டிக் குறியை அழித்துவிட்டான். விளக்கு அணைந்தது. குறை இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆனால், அழித்தமையும் மறையவில்லை. குறியை அழிக்கும்போது கணினி முன்பு செய்து முடித்த சோதனைகளும் ‘முடியாதவை’ என்ற நிலைக்குத் திரும்பிவிடும். பாடம் எழுதியிருக்க வேண்டிய சிலேட்டு வெறுமையாக இருந்தால் ஆசிரியன் காரணம் கேளாது விடுவானா? அன்றியும், 2010 ஆம் ஆண்டு முதலான கார்களிற் கருவியாலும் அழிக்க இயலாத நிலையான குறி ஒன்று உண்டு. பற்றரியைக் கழற்றினாலும் அது போகாது. குறை நீங்கியதென்று வண்டி தானே சோதித்துக் கண்ட பின்னர், தானே அதனை நீக்கும். 2019 யூலை முதல் கலிபோர்ணியாப் பரிசோதனையில் இக்குறியையும் நோக்குகின்றனர். எனினும் அச்சட்டம் இரக்கமற்றதன்று. குறியழித்த பின் பதினைந்து முறை இயந்திரம் சூடேறி ஆறி, 200 மைல் ஓடியிருப்பின், பிற யாவும் செம்மையாயிருக்குமிடத்து, நிலையான குறி ஒன்றையே காரணமாக்கி வண்டியைத் தவறவிடுவதில்லை.

இதனைக் கேட்டபோது என் நெஞ்சு குறுகுறுத்தது. யான் ஆசிரியனாகிய மூன்றாம் ஆண்டில், கல்வி அதிகாரிகள் வகுப்பைப் பார்வையிட வருகின்றனர் என்று அறிந்து, எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறிய மாணவர் இருவரை அன்று வீட்டில் நிற்குமாறு சொன்னேன். அதிகாரிகள் நற்சான்று எழுதிச் சென்றனர். அவ்விருவருள் ஒருவன் அடுத்த ஆண்டே படிப்பை விட்டுவிட்டான். அவனுடைய குறை யாருடைய ஏட்டிலும் பதியப்படவில்லை. ஆதலின் அதனைத் தீர்க்க எவரும் முற்படவுமில்லை. முதலில் முற்பட்டிருக்க வேண்டியவன் யான்.

ஆகவே, பதிந்த குறியைக் கண்டு வண்டியைத் தவறவிடுதல் முறையே என்பது என் துணிபு. ஒரு நாட் காட்சியை மட்டும் நோக்கும் பரிசோதனையை ஏமாற்றுதல் எளிது. எம் நாட்டிலும் 2008 ஆம் ஆண்டு முதல் வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டப்படுகின்றது. குழாய் வாயிலில், பெற்றோல் வண்டியாயின் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபன்களும், டீசல் வண்டியாயின் புகையின் செறிவும் அளக்கப்படுகின்றன. நன்று. ஆயினும், பரிசோதனைக்கென்று முதல் நாள் மட்டும் வண்டியைச் சீர்செய்து செல்வோரையும் நாம் அறிவோம். சான்றிதழுக்காக மட்டும் செய்யப்படும் சீர் எத்தனை நாள் நிற்கும்?

இனி, மருகன் பக்கத்து நியாயம் ஒன்றும் உண்டு. அதனையும் கூறாது விடலாகாது. குறி என்பது குறையைச் சுட்டுவதேயன்றி, அதன் காரணத்தை முடிவுகட்டுவதன்று. முதலிற் சென்ற கராச்சில் குறியை மட்டும் படித்துவிட்டு, ஊக்கி மாற்றியையே மாற்ற வேண்டும், ஆயிரம் டொலருக்கு மேலாகும் என்றனர். தமக்கையார் தம் கைவளையைக் கழற்றப் போனார். அடுத்த நாள் வேறொருவரிடம் சென்றோம். அவர் வண்டியை உயர்த்தி, குழாய் வழியே கையும் கண்ணுமாகத் தேடி, உணரிக்கு முன்னுள்ள மூட்டு ஒன்றில் வெடிப்பைக் கண்டார். அதனூடே புகுந்த வெளிக்காற்றின் ஒட்சிசனால் உணரி பிழையான செய்தியைக் கணினிக்கு அனுப்பியிருக்கிறது. வெடிப்பை ஒட்டுவதற்குப் பெரும் பொருள் வேண்டியிருக்கவில்லை. சில நாள் ஓடிய பின்னர் வண்டி தானே தன் குறியை நீக்கியது. மறு பரிசோதனையில் தேறியது.

குறியை அழிப்பவனும், குறியை மட்டும் படிப்பவனும் ஒரே பிழையையே செய்கின்றனர். இருவரும் குறையைத் தேடிப் பார்ப்பதில்லை. எம் பாடசாலைகளிலும் புள்ளி குறைந்த மாணவனை ‘மந்தன்’ என்று எழுதி விடுகின்றோம். அவனுக்குக் கண் மங்கலோ, காலைப் பசியோ, வீட்டில் விளக்கின்மையோ என்று உசாவுவார் எத்தனை பேர்? குறையைப் பதிதல் வேண்டும், பதிந்ததை மறைத்தலாகாது, தீர்த்த பின்னரே நீக்குதல் வேண்டும். இம்மூன்றையும் ஒரு பொறிக்கு விதித்த அறிவு, மாணவர் திறத்தில் எமக்கும் வேண்டும்.

அன்று யான் வீட்டில் நிற்கச் சொன்ன மாணவனைச் சந்தையிற் காண்பதுண்டு. “ஐயா” என்று இன்றும் கைகூப்புவான். அண்மையில் கடிதம் ஒன்றை நீட்டி, வாசித்துச் சொல்லுமாறு கேட்டான். வாசித்துச் சொன்னேன். அவன் முகத்தை நோக்க என்னால் இயலவில்லை.