சைனஸ் தொல்லைக்கு ஆன்டிபயாட்டிக்: எழுதாமல் அனுப்புவதும் மருத்துவமே

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் எங்கள் காது, மூக்கு, தொண்டைப் புறநோயாளிப் பிரிவில் நாற்காலிகள் போதுவதில்லை. மூக்கடைப்பு, கன்னத்திலும் நெற்றியிலும் பாரம், குனிந்தால் கூடும் வலி, மஞ்சளாகவோ பச்சையாகவோ வெளியேறும் சளி ஆகியவற்றோடு வருவோரில் பலர் அமர்ந்ததும் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "டாக்டர், சைனஸ் வந்துவிட்டது. நல்ல ஆன்டிபயாட்டிக்காக எழுதிக் கொடுங்கள்." சிலர் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்றையும் எடுத்து மேசைமேல் வைப்பர். அது சென்ற முறை மிஞ்சியதாக இருக்கும். அல்லது மருந்துக்கடையில் நேரே கேட்டு வாங்கியதாகவோ அண்டை வீட்டார் கொடுத்ததாகவோ இருக்கும்.

இவர்களுள் பெரும்பாலோரை நாங்கள் அந்த மருந்து இல்லாமலேயே வீட்டிற்கு அனுப்புகிறோம். அதனால் சிலருக்கு எங்கள்மீது மனவருத்தம் உண்டு என்பதை அறிவோம். இரண்டு மணிநேரம் காத்திருந்து, கட்டணமும் செலுத்தியவரிடம் உப்பு நீரால் மூக்கைக் கழுவுங்கள் என்று மட்டும் சொன்னால் அவர் ஏமாற்றம் அடைவது இயல்பே. அந்த வருத்தத்திற்கு நாங்கள் விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். புறநோயாளிப் பிரிவின் பரபரப்பில் சொல்ல முடியாததை இங்கே பொறுமையாகச் சொல்ல விரும்புகிறோம்.

சளி பச்சையானால் பாக்டீரியாவா?

மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் காற்று நிரம்பிய நான்கு இணை அறைகள் உள்ளன. அவற்றையே சைனஸ் என்கிறோம். சளி பிடிக்கும்போது மூக்கின் உட்சவ்வு வீங்கி, இவ்வறைகளின் சிறு வாயில்கள் அடைபடுகின்றன. உள்ளே நீர் தேங்குகிறது. பாரமும் வலியும் தோன்றுகின்றன. இதற்குப் பெரும்பாலும் காரணம் சாதாரணச் சளியை உண்டாக்கும் வைரஸ்களே. சளி பிடித்த பெரியவர்கள் 100 பேரை எடுத்துக்கொண்டால், அவர்களுள் ஏறத்தாழ இருவருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோதான் அது பாக்டீரியாத் தொற்றாக மாறுகிறது. ஆன்டிபயாட்டிக் எனும் நுண்ணுயிர்க்கொல்லி பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். வைரஸின்மீது அதற்கு எந்த வலிமையும் இல்லை.

சளியின் நிறத்தைக் கண்டு அஞ்சுவோர் பலர். தொற்றை எதிர்த்துப் போரிட வரும் நம் வெள்ளை அணுக்களில் பச்சை நிறமுள்ள ஒரு நொதி உண்டு. அவ்வணுக்கள் திரண்டு மடியும்போது சளியும் அந்நிறத்தைப் பெறுகிறது. வைரஸ் சளியிலும் மூன்றாம் நான்காம் நாளில் இது நிகழும். ஆகவே, நிறத்தை மட்டும் வைத்து இது பாக்டீரியா என்று முடிவு செய்ய இயலாது. எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும்கூட உள்ளே நீர் தேங்கியிருப்பதைக் காட்டுமே ஒழிய, அதற்குக் காரணம் வைரஸா பாக்டீரியாவா என்று பிரித்துக் காட்டா. சாதாரண நிலையில் நாங்கள் ஸ்கேன் எழுதாததற்கும் இதுவே காரணம்.

"சென்ற முறை கேட்டதே?"

இக்கேள்வியை நாங்கள் நாள்தோறும் எதிர்கொள்கிறோம். சளி தொடங்கி ஐந்தாம் நாள், தொல்லை உச்சத்தில் இருக்கும்போது மாத்திரை வாங்குகிறோம். எட்டாம் நாள் தலை லேசாகிறது. மாத்திரைதான் குணப்படுத்தியது என்று மனம் நம்பிவிடுகிறது. உண்மையில் அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையே. பழம் ஏற்கெனவே கனிந்திருந்தது.

இது எங்கள் ஊகம் அன்று. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சைனஸ் தொற்றுக்கான அறிகுறிகள் கொண்ட பெரியவர்கள் 166 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2012ஆம் ஆண்டு வெளியானது. ஒரு பகுதியினருக்கு அமாக்சிசிலின் மாத்திரையும், மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் 10 நாள் தரப்பட்டன. மூன்றாம் நாளில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. ஏழாம் நாளில் மருந்து உண்டவர்கள் சற்று முன்னேறியிருந்தனர். பத்தாம் நாளிலோ மருந்து உண்டவர்களில் 78 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரை உண்டவர்களில் 80 விழுக்காட்டினரும் தேறியிருந்தனர்.

பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட தொகுப்பும் இதையே உறுதி செய்கிறது. மருந்து இல்லாமலேயே ஒரு வாரத்தில் 46 விழுக்காட்டினரும் இரண்டு வாரத்தில் 64 விழுக்காட்டினரும் குணமடைந்தனர். ஆன்டிபயாட்டிக் கொடுத்ததால் 100 பேரில் கூடுதலாக 5 முதல் 11 பேர் வரை விரைவாகத் தேறினர். ஆனால் கூடுதலாக 13 பேருக்கு வயிற்றுப்போக்கு முதலான பக்கவிளைவுகள் ஏற்பட்டன. நன்மையையும் தீமையையும் தராசில் வைத்தால் தட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வாசகர்களே கண்டுகொள்ளலாம்.

ஒருவர் உண்பது, வேறொருவருக்கு இல்லாமற்போவது

வயிற்றுப்போக்கு நான்கு நாளில் நின்றுவிடும். எங்களை உறங்கவிடாமல் செய்வது வேறொன்று.

சில ஆண்டுகளுக்கு முன் மூதாட்டி ஒருவர் சிறுநீர்த் தொற்றோடு அனுமதிக்கப்பட்டார். சிறுநீரில் வளர்ந்த கிருமிக்கு எந்த மருந்து வேலை செய்யும் என்று ஆய்வகம் அனுப்பிய பட்டியலில், ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறக்குறைய எல்லா மருந்துக்கும் நேரே 'எதிர்ப்பு' என்றே குறித்திருந்தது. கடைசியில் மிஞ்சிய ஒரே மருந்தை நரம்பு வழியே செலுத்தினோம். அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. இரண்டு வாரத்திற்குப்பின் அவர் பிழைத்து வீடு திரும்பினார். அவருடைய மகன் எங்களிடம் கேட்டது இன்றும் நினைவில் இருக்கிறது: "அம்மா பெரிதாக மாத்திரையே சாப்பிட்டது கிடையாதே, டாக்டர். பிறகு எப்படி?"

இதற்கான விடை பலருக்கும் தெரிவதில்லை. மருந்துக்குப் பழகிப்போவது மனித உடல் அன்று, கிருமிகளே. ஆன்டிபயாட்டிக் ஒன்றை விழுங்கும்போது அது சைனஸிற்கு மட்டும் போவதில்லை. குடலிலும் தோலிலும் தொண்டையிலும் வாழும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களையும் தொடுகிறது. எளியவை மடிகின்றன, எதிர்க்கும் திறன் உள்ளவை எஞ்சிப் பெருகுகின்றன. அத்திறனை அவை வேறினப் பாக்டீரியாவிற்கும் கைமாற்றிக் கொடுக்கவல்லவை. ஒரே வீட்டில் உண்டு, உறங்கி, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவோரிடையே இக்கிருமிகள் பரவுகின்றன. ஆகவே, மகன் தேவையின்றி உண்ட மாத்திரையின் விலையைத் தாய் செலுத்த நேரலாம்.

2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்களால் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக உயிரிழந்தனர் என்று 2022இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. நம் நாட்டில் இதைக் குறித்த எச்சரிக்கை புதிதும் அன்று. 2012இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் பல கூடி உருவாக்கிய 'சென்னைப் பிரகடனம்' இதற்கான வழிமுறைகளை வகுத்தது. 2014 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்த 'எச் 1' அட்டவணைப்படி, வலிமை வாய்ந்த ஆன்டிபயாட்டிக் பலவற்றை விற்கும்போது மருத்துவர் பெயர், நோயாளியின் பெயர், அளவு ஆகியவற்றை மருந்துக்கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும். மாத்திரை அட்டையில் செங்குத்தான சிவப்புக்கோடு இருந்தால், அதை மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று பொருள். சட்டம் இருக்கிறது, கோடும் இருக்கிறது. அவற்றைக் கடைப்பிடிக்கும் மனம்தான் நம் எல்லோரிடமும் இன்னும் வளர வேண்டியுள்ளது.

எங்கள் பங்கும் உண்டு

பழியை முழுவதும் நோயாளிகள்மீது சுமத்துவது நியாயமாகாது. சீட்டில் ஒரு மருந்தின் பெயரை எழுத அரை நிமிடம் போதும். அது ஏன் வேண்டாம் என்று விளக்கப் பத்து நிமிடம் தேவை. வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது அந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்திய நாட்கள் எங்களுக்கும் உண்டு. "இவர் எழுதாவிட்டால் வேறொருவரிடம் போய்விடுவார்" என்ற எண்ணத்திற்கு நாங்களும் பணிந்திருக்கிறோம்.

அப்படிப்பட்ட பழக்கத்திற்கு இரையான ஆசிரியை ஒருவர் எங்களிடம் வந்தார். 'சைனஸ் தலைவலி' என்று இரண்டு ஆண்டுகளில் ஏழு முறை ஆன்டிபயாட்டிக் உண்டிருந்தார். அவருக்கு மூக்கடைப்போ சளியோ இல்லை, வெளிச்சமும் ஓசையும் பட்டால் வலி கூடியது, குமட்டல் இருந்தது. அது ஒற்றைத் தலைவலி. சைனஸ் தலைவலி என்று தாமாகவோ மருத்துவர் சொல்லியோ நம்பிய ஏறத்தாழ 3,000 பேரை அமெரிக்காவில் ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட கட்டுரையில், 88 விழுக்காட்டினரின் வலி ஒற்றைத் தலைவலி வகையைச் சேர்ந்ததாகவே இருந்தது. உரிய மருந்து தொடங்கியபின் அந்த ஆசிரியை நலமானார். அந்த ஏழு சீட்டுகளில் முதலாவது, எங்கள் பிரிவிலேயே எழுதப்பட்டது.

எப்போது தேவை?

ஆன்டிபயாட்டிக்கே வேண்டாம் என்பது எங்கள் கட்சி அன்று. பின்வரும் மூன்று நிலைகளில் பாக்டீரியாத் தொற்று இருக்கக்கூடும் எனக் கருதுகிறோம்.

முதலாவது, தொல்லை 10 நாள் கடந்தும் சிறிதும் குறையாமல் நீடிப்பது. இரண்டாவது, தொடக்கத்திலேயே 102 டிகிரி அளவிலான காய்ச்சலோடு, சீழ்போன்ற சளியோ கடும் முகவலியோ மூன்று நான்கு நாள் தொடர்வது. மூன்றாவது, ஐந்தாறு நாளில் நன்கு தேறிவந்த சளி, திடீரெனத் திரும்பிக் காய்ச்சலோடும் வலியோடும் மோசமாவது.

அந்நிலையிலும் பெரும்பாலும் எளிய மருந்தே போதும். வலிமையான மருந்து எல்லாமே சிறந்த மருந்து ஆகாது. லீவோஃப்ளாக்சசின் வகை மருந்துகளால் தசைநாணுக்கும் நரம்பிற்கும் ஏற்படக்கூடிய தீங்கு, சாதாரண சைனஸ் தொற்றில் கிடைக்கும் நன்மையைவிடப் பெரிது என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் எச்சரித்தது.

நாள் எண்ணிக் காத்திராமல் உடனே வரவேண்டிய அறிகுறிகளும் உண்டு: கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்குதல், இரட்டைப் பார்வை, கடும் தலைவலியோடு கழுத்து விறைப்பு, மனக்குழப்பம், முகத்தில் மரத்துப்போதல், மூக்கிலிருந்து கருநிறக் கசிவு. நீரிழிவு நோயாளிகளும், ஸ்டீராய்டு மாத்திரை உண்போரும், எதிர்ப்புச் சக்தி குன்றியோரும் கூடுதல் விழிப்போடு இருக்க வேண்டும். 2021இல் கரும்பூஞ்சை நோய் எவ்வளவு விரைவாகச் சைனஸிலிருந்து கண்ணுக்குப் பரவியது என்பதை நாம் மறக்கலாகாது.

காத்திருக்க முடியாதவர்கள்

எங்கள் வாதத்திற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. "பத்து நாள் பாருங்கள், குறையாவிட்டால் வாருங்கள் என்று சொல்வது உங்களுக்கு எளிது. மறுபடி வர எனக்கு ஒருநாள் கூலி போகும்" என்று கட்டடத் தொழிலாளர் ஒருவர் எங்களிடம் சொன்னார். அவர் சொன்னது முற்றிலும் சரி. காத்திருக்கச் சொல்லும் மருத்துவர், அக்காத்திருப்பின் சுமையில் ஒரு பங்கை ஏற்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

ஆகவே, தொலைவிலிருந்து வருவோருக்கும் விடுப்பு எடுக்க இயலாதோருக்கும் நாள் குறித்த சீட்டு ஒன்றை எழுதிக் கொடுக்கிறோம். குறித்த நாளுக்குள் தேறிவிட்டால் அதைக் கிழித்துப் போடலாம். தேறாவிட்டால் தொலைபேசியில் எங்கள் பிரிவைக் கேட்டுவிட்டு மருந்தை வாங்கலாம். இதனால் நோயாளிக்கு அலைச்சல் மிச்சம். தேவையற்ற மாத்திரையும் மிச்சம்.

காத்திருப்பது என்பது வலியைச் சகித்துக்கொண்டு சும்மா இருப்பதும் அன்று. வலிக்குப் பாராசிட்டமால் உண்டு. உட்சவ்வு வீக்கத்திற்கு, குறிப்பாக ஒவ்வாமை உடையோருக்கு, மருத்துவர் தரும் மூக்குத் தெளிப்பு உதவும். காய்ச்சி ஆறிய நீர் ஒரு தம்ளரில் கால் முதல் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து மூக்கைக் கழுவலாம். குழாய் நீரையோ கிணற்று நீரையோ காய்ச்சாமல் பயன்படுத்தவே கூடாது. நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கின் வழியே மூளையைத் தாக்கவல்லது. 2024இல் அண்டை மாநிலமான கேரளத்தில் அதனால் குழந்தைகள் உயிரிழந்தனர். கடையில் கிடைக்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்குமேல் தொடர்ந்தால், அதுவே அடைப்பை உண்டாக்கிவிடும். நொச்சி இலை ஆவி இதமளிக்கும் எனில் பெரியவர்கள் பிடிக்கலாம்; ஆனால் அது கிருமியைக் கொல்லாது. கொதிநீர்ப் பாத்திரத்தின் அருகே குழந்தைகளை அமர்த்த வேண்டாம். அது கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகளை நாங்கள் கண்டிருக்கிறோம்.

வாசகர்களிடம் எங்கள் வேண்டுகோள் மூன்று. மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்கை வீட்டில் சேர்த்து வைக்காதீர்கள், பிறருக்குக் கொடுக்காதீர்கள். மருத்துவர் அம்மருந்தை எழுதினால் "இது எனக்கு அவசியம்தானா, எத்தனை நாள்?" என்று தயங்காமல் கேளுங்கள், அக்கேள்வியை நாங்கள் அவமதிப்பாகக் கொள்ள மாட்டோம். அவசியம் என்று சொன்னால், சொன்ன அளவில், சொன்ன நாள்வரை உண்ணுங்கள். நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

அடுத்த முறை எங்கள் அறையிலிருந்து ஆன்டிபயாட்டிக் இல்லாத சீட்டோடு நீங்கள் வெளியேற நேர்ந்தால், எங்களுக்கு அக்கறை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். என்றேனும் ஒருநாள் உங்களுக்கோ உங்கள் வீட்டுக் குழந்தைக்கோ முதியவருக்கோ அம்மருந்து உண்மையாகவே தேவைப்படும். அன்று அது வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே இன்று எழுதாமல் அனுப்புகிறோம்.