யாருடைய கட்டியைப் பார்த்து மருந்து செய்கிறார்கள்?

சில மார்பகப் புற்றுக்கட்டிகளுக்குள் பி செல்களும் டி செல்களும் திரண்டு, குட்டி நிணநீர்க் கணுக்கள் போல முகாம் அமைக்கின்றன. ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 புரதமும் இல்லாத 'மும்மை எதிர்மறை' வகையில், இம்முகாம்கள் உள்ள பெண்களிடம் சிகிச்சை கூடுதலாகப் பலிப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன.

அமெரிக்காவில் இவ்வகைப் புற்று, வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு ஏறத்தாழ 2 மடங்கு அதிகம். ஆனால், டி செல்களின் தடையை நீக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்துக்கு 2021இல் ஒப்புதல் பெற்றுத்தந்த சோதனையில், 1,174 பேரில் கறுப்பினத்தவர் 100 பேர்கூட இல்லை.

நோய் ஒருவருக்கு, ஆதாரம் இன்னொருவருக்கா? சேர்க்காமல் விட்டுவிட்டு, பிறகு 'அவர்கள் உடம்பே வேறு' என்று சொல்வதை நாங்கள் ஏற்கமாட்டோம். அதிகம் சாகிறவர்களை ஆய்வில் முதலில் சேருங்கள். அதன்பிறகு பேசுவோம், இது எல்லோருக்குமான அறிவியலா என்று.