உறுதியில்லா வீடும் உரிமமில்லா நிரலும்

தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும் காணி உறுதி கையில் இல்லாதவரின் நிலை யாது என்பதை அக்கரப்பத்தனை லயங்களில் வாழும் மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவர்தம் பிள்ளைகள் கணினித் துறையில் கால் வைக்கும் இந்நாளில், அதே நிலை வேறோர் உருவில் அவர்கள்முன் நிற்கிறது.

கொழுந்து நிறையைக் கணக்கிடவோ, மரக்கறி விலையை அறிவிக்கவோ நம் இளைஞர் ஒருவர் மென்பொருள் ஆக்குகிறார் என்று கொள்வோம். இணையத்தில் எவரோ எழுதிவைத்த மூலநிரலை எடுத்து அதில் சேர்த்துக்கொள்கிறார். “திறந்துதானே கிடக்கிறது, எடுத்தால் என்ன?” என்று கேட்கலாம். திறந்து கிடப்பது வேறு, தந்துவிட்டது வேறு! 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் நூலைப் போலவே காக்கிறது. பதிவு செய்யவும் வேண்டியதில்லை. எழுதியவுடனேயே உரிமை பிறந்துவிடுகிறது. ஆகவே, உரிமம் எழுதப்படாத நிரலை எடுத்து ஆக்கிய மென்பொருள், பிறர் நிலத்தில் கட்டிய வீடே. உரியவர் வந்து “எடு” என்றால் எடுக்கத்தான் வேண்டும்.

உரிமங்களும் ஒரே வகையின அல்ல. எழுதியவரின் உரிமைக் குறிப்பையும் உரிமத்தையும் நீக்காதே என்பதுடன் எம்.ஐ.டி. உரிமம் நின்றுவிடும். 1989இல் வெளிவந்த ஜீ.பி.எல். உரிமமோ, திருத்திப் பிறருக்கு வழங்கினால் திருத்திய மூலநிரலையும் அதே உரிமத்துடன் கொடு என்று கட்டளையிடும். விற்பதை இரண்டுமே தடுப்பதில்லை. பிறரிடம் பெற்றதைப் பூட்டிவைத்து விற்பதையே பின்னது தடுக்கிறது.

தெளிவான உரிமத்தால் விளையும் நன்மைக்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. 2004 டிசம்பர் 26 கடற்கோளை அடுத்து, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிந்து ஒழுங்குபடுத்த இலங்கைத் தொண்டர்கள் ‘சஹானா’ என்னும் மென்பொருளை ஆக்கினர். கட்டற்ற உரிமத்துடன் அது வெளியிடப்பட்டது. அதனாலன்றோ 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2010இல் ஹெயிட்டியிலும், எவரிடமும் கைகட்டி நிற்காமல் அதைப் பயன்படுத்த முடிந்தது! 2014இல் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை மறவாத மலையகத்துக்கு அதன் அருமை விளங்கும்.

நாம் வேண்டுவன இரண்டு. மக்கள் வரிப்பணத்தில் ஆக்கப்படும் மென்பொருள்கள், மறைபொருள் காக்கவேண்டியவை நீங்கலாக, தெளிவான உரிமத்துடன் வெளியிடப்படவேண்டும். அவ்வுரிமத்தின் பொருள் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கப்படவேண்டும். நம் இளைஞரும் பிறர் நிரலை எடுக்குமுன் உரிமத்தைப் படிக்கவேண்டும். தாம் எழுதும் நிரலுக்கும் உரிமம் எழுதிவைக்கவேண்டும்.

எழுத்தில் இல்லாத உரிமையை நம்பி ஏமாந்த சமுதாயம் நமது சமுதாயம். அப்பாடத்தை நம் பிள்ளைகளும் பட்டுத்தான் அறியவேண்டுமா?